பதினைந்து படுக்கைகளும் ஒரு கைநாட்டும்: தொழில் அறவியல் படிப்பு நமக்கு எதற்கு?



நாம் யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் தெருவிலேயே ஒரு கணம் யோசிப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர் பள்ளிப் பிள்ளைகளைப் பழைய சீவரம் பக்கமிருந்து பாலாற்றுப் பாலம் கடந்து இந்தத் திருமுக்கூடலுக்கு நடத்திக் கூட்டிவருவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தைக் காட்டிவிட்டு, வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவருக்கு முன்னால் நிறுத்துவார். சாமி கும்பிட அல்ல, கல்வெட்டைக் காட்ட. காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த ஆஸ்பத்திரியில நம்மாளு யாராவது படுத்திருப்பானா?" அந்தக் கேள்வியிலிருந்தே இந்தப் பொழிவைத் தொடங்குகிறோம்.

கல்வெட்டு வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பொ.ஆ. 1068ஐ ஒட்டிய காலம். கோயிலின் சனநாத மண்டபத்தில் நடந்த ஒரு கல்விச்சாலையையும், அதன் விடுதியையும், வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலசாலையையும் பற்றி அது பேசுகிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. 60 மாணவர்கள். வேதம், இலக்கணம், பாஞ்சராத்திரம், சைவம், வைகானசம் என்று எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது வரை கணக்கு இருக்கிறது. அவர்களுக்குச் சோறு, பாய், விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். மருத்துவமனையில் 15 படுக்கைகள். கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவர் ஒருவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்று வரையறை. இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் அளவும் தனியே.

950 ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது என்று பெருமைப்படுவதில் தவறில்லை. பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் அந்தப் பெருமையோடு நின்றுவிடுகின்றன. வாத்தியார் நிற்கமாட்டார். படுக்கை யாருக்கு என்று பார்த்தால் மாணவருக்கும் கோயில் பணியாளருக்கும். அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் நம்முடைய குடியிருப்புகள் வரியும் எல்லையும் சொல்லுமிடத்தில் வருகின்றன. வரிக்கணக்கில் நாம் இருக்கிறோம், படுக்கைக் கணக்கில் இல்லை.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டுவார். அறுவை செய்பவருக்குக் கிடைத்த நெல், மருந்து கொடுக்கும் பட்டருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. உடலைத் தொட்டு, கத்தி பிடித்து, சீழும் இரத்தமும் பார்ப்பவர் கீழே. ஏட்டைப் பார்த்துச் சொல்பவர் மேலே. நம் பக்கத்தில் நாவிதர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும், பிள்ளைப்பேறு பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் இன்றுவரை இருக்கின்றன. பெயர் இருந்தும் மதிப்பு ஏன் வரவில்லை என்பது தனியாக எழுதவேண்டிய கதை.

இங்கிருந்து உத்திரமேரூர் பக்கம்தான். அங்குள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவற்றை நாங்கள் வேறொரு கண்ணோடு மறுபடி படித்துப் பார்த்தோம். வாரிய உறுப்பினருக்கான நன்னடத்தை விதிகளாகப் படித்தால் அவை இன்றைய எந்தத் தொழிற்சங்கத்தின் நடத்தை விதிக்கும் குறைந்தவை அல்ல. வயது 35க்கு மேல் 70க்குள். நேர்மையாக வந்த பொருள். கடந்த மூன்று ஆண்டுகள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. எவ்வளவு கூர்மை பாருங்கள்! ஆனால் அதே விதிகளில் கால்வேலிக்கு மேல் வரிசெலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் ஓதியிருக்க வேண்டும். விலக்கப்பட்டவரோடு பழகியதால் 'விழுந்து'போனவர், கழுவாய் செய்துகொள்ளும்வரை பெயர் எழுதும் ஓலைக்குத் தகுதியற்றவர்.

கணக்குக் காட்டாதவனும் நம்மோடு பழகியவனும் ஒரே பட்டியலில். தொழில் அறவியலைப் படிக்கவேண்டிய இடம் எது என்று யாராவது கேட்டால், நாங்கள் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவோம்.

அறவியல் என்றதும் நீதிபோதனை வகுப்பு நினைவுக்கு வந்துவிடும். பொய் சொல்லாதே, திருடாதே. தொழில்சார் அறவியல், பயன்பாட்டு அறவியல் என்ற பெயர்களில் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பாக இருப்பது அதுவல்ல. ஒரு தொழிலைச் செய்பவருக்கு, அந்தத் தொழிலைச் செய்யும் காரணத்தாலேயே மற்றவர் உடல் மீதும், நிலம் மீதும், விடுதலை மீதும் ஓர் அதிகாரம் கிடைக்கிறது. மருத்துவர் நம் உடலைத் திறக்கலாம். வழக்கறிஞர் நம் இரகசியத்தைக் கேட்கலாம். நில அளவையர் ஒரு கோட்டை அரை அடி நகர்த்தலாம். பொறியாளர் வரைந்த சுவருக்குள் நாம் ஐம்பது ஆண்டு தூங்குவோம். இந்த அதிகாரம் எதன் பேரில் கொடுக்கப்பட்டது, யாருக்குப் பதில் சொல்லவேண்டியது, இரண்டு கடமைகள் மோதும்போது எதை எடுத்து எதை விடுவது என்பதை வழக்குகளைக் கொண்டு ஆராய்வதுதான் அந்தப் படிப்பு.

தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: தொழில் தர்மம். ஆனால் நாம் அதை எப்போது பயன்படுத்துகிறோம்? சக ஊழியர் செய்த தவறை வெளியே சொல்லாமல் இருப்பதற்குத்தான் பெரும்பாலும். "காட்டிக் கொடுக்கறது தொழில் தர்மம் இல்ல" என்பார்கள். பழைய பொருளைத் தோண்டினாலும் நிலைமை மேம்படவில்லை. அவனவன் குலத்தொழிலை அவனவன் செய்வதே தர்மம் என்பதுதான் அங்கே வரும். அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையில், சாதி என்பது தொழிலைப் பகுப்பது அல்ல, தொழிலாளரைப் பகுப்பது என்று சொன்னதற்கு இதுதான் பின்னணி. விரும்பித் தேர்ந்தெடுக்காத தொழிலுக்கு அறம் சொல்வது, சங்கிலிக்கு மெருகு போடுவது. அதனால்தான் நாங்கள் தர்மம் என்ற சொல்லை விட்டுவிட்டு அறவியல் என்கிறோம். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பதால் அல்ல, பழைய சொல்லோடு பழைய பாரமும் வந்துவிடுகிறது என்பதால்.

இப்போது எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் மன்றத்துக்குச் சிறுவயதிலிருந்தே வருகிற பெண் ஒருவர் பி.எஸ்.சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓர் இரவு, கல்குவாரியில் பாறை சரிந்து கால் நசுங்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கத்துக் குவாரிகளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கிவரச் சொன்னார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மனிதருக்குத் தமிழும் எழுதப் படிக்கத் தெரியாது. கட்டைவிரலில் மை தடவி வாங்கிக்கொண்டு போவதுதான் அங்கே வழக்கம். இந்தப் பெண் படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தேவைப்பட்டால் காலை எடுத்துவிடவும் சம்மதம் என்ற வரி வந்தபோது அந்த மனிதர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எம் பொஞ்சாதி வரட்டும்மா" என்றார். மனைவி வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது.

அறுவை நடந்தது. கால் இருக்கிறது. ஆனால் அவர் இப்போதும் தாங்கித்தான் நடக்கிறார். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கச் சொன்னால் வகுப்பெடுக்கக் கூடாது என்றார்கள். "உங்க ஆளுன்னதும் ரொம்ப பேசறியா?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். சாதியைச் சொல்லிக் கேட்டது பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அதற்கு வழக்குப் போடலாம் என்று சொல்ல நாங்கள் தயாராக இருந்தோம். அவர் கேட்டது வேறு: "அண்ணா, நான் படிச்சுக் காட்டுனது சரியா தப்பா? அந்த ரெண்டு மணி நேரத்துலதான் அவரு காலு அப்படி ஆச்சோ?"

எங்களிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், எங்களுக்கு அந்தக் கேள்வியே சரியாகப் புரியவில்லை. "மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியப் பரீட்சை எழுதும்மா, அரசு வேலைக்குப் போயிடு" என்று சொல்லி அனுப்பினோம். அக்கறையோடுதான் சொன்னோம். ஆனால் அவர் கேட்டது வேலை அல்ல.

அந்தக் கேள்விக்கு ஒரு படிப்பே இருக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஒப்புதல் என்றால் என்ன என்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமிரா கோலி வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையையும் சூலகங்களையும் அவருடைய ஒப்புதல் இல்லாமல், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலோடு எடுத்துவிட்டார் மருத்துவர். அது செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை என்ன, அதன் ஆபத்து என்ன, மாற்று என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று போதுமான அளவு தெரிந்துகொண்டு தருவதே ஒப்புதல். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாகவேண்டிய நிலை இருந்தால் மட்டும் விலக்கு. ஆக, அந்தப் பெண் படித்துக்காட்டியது சரி. ஆனால் நசுங்கிய கால் உடனே செய்தாகவேண்டிய நிலையா என்பது இன்னும் திறந்திருக்கிற கேள்வி. அதற்கு எலும்பு மருத்துவமும் தெரியவேண்டும், சட்டமும் தெரியவேண்டும். கையை இழுத்துக்கொண்டவருக்குக் கால் என்பது கூலி என்பதும் தெரியவேண்டும். இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதுதான் பயன்பாட்டு அறவியல். அவர் செய்ததில் தவறே இல்லை என்று தட்டிக்கொடுப்பது எளிது. அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம்மைப் போன்றவர்களின் உடலிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள், ஏழை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். நோய் என்ன என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எப்படி வளரும் என்று 40 ஆண்டுகள் குறிப்பெடுத்தார்கள். 1972இல் அது செய்தித்தாளில் வந்தது. வெளியே கொண்டுவந்தவர் அந்தத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன். அந்தக் கொந்தளிப்பிலிருந்துதான் 1979இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கோட்பாடுகளை அது வைத்தது. இன்று உலகமெங்கும் அறவியல் வகுப்புகளில் முதல் வாரமே இது சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் வகுப்பு இல்லாமல் இல்லை. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பாங்கு, அறம், தொடர்பாடல் என்ற பகுதி சேர்க்கப்பட்டது. முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வு, வெளியீட்டு அறம் என்ற 30 மணி நேரப் பாடத்தைப் படிக்கவேண்டும் என்று 2019 டிசம்பரில் யுஜிசி அறிவித்தது. பொறியியல் கல்லூரிகளில் தொழில் அறம் என்று விருப்பப் பாடம் உண்டு. எங்கள் பிள்ளைகள் சிலர் அதைப் படித்துத் தேறியவர்கள். அவர்களிடம் கேட்டோம்: என்ன படித்தீர்கள்? 1986இல் வெடித்த சேலஞ்சர் விண்கலம், செர்னோபில் அணு உலை, போபால். சேலஞ்சர் கதை நல்ல கதைதான். குளிரில் இரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவாதீர்கள் என்று முந்தைய இரவு வாதாடிய ரோஜர் பாய்ஷோலி என்ற பொறியாளரை நாமும் வணங்கவேண்டும்.

ஆனால் மலக்குழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டோம். இல்லை என்றார்கள்.

இதை நாம் கொஞ்சம் நின்று பேசவேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20இல் அந்தத் தொகையை 30 இலட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை ஏறியதே தவிரச் சாவு நிற்கவில்லை. சாவு நடந்தால் ஒப்பந்ததாரர் மீது வழக்கு, சில நேரம் வீட்டுக்காரர் மீது வழக்கு. அந்தக் குழியை வரைந்தவர் யார்? மனிதர் ஒருவர் உள்ளே இறங்கும் அளவில் அதன் வாயை வைத்தவர் யார்? இயந்திரக் குழாய் எட்டாத இடத்தில் தொட்டியை அமைக்க ஒப்புதல் தந்தவர் யார்? ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு பொறியாளரின் கையெழுத்து இருக்கிறது. குழிக்குள் இறங்குபவர் யார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படி வரைய முடிகிறது. தன் மகன் இறங்கப்போகிறான் என்றால் அவர் வேறு மாதிரி வரைந்திருப்பார். சேலஞ்சரில் இறந்தவர்கள் 7 பேர். அந்த ஏழு பேருக்காக ஒரு பாடமே எழுதப்பட்டது. நம்முடைய ஆட்களின் சாவு, பொறியியல் அறத்தில் ஒரு பயிற்சி வினாவாகக்கூட ஏறவில்லை. ஏற்றவேண்டியவர்கள் அந்த வகுப்பறையில் ஆசிரியராக இல்லாததுதான் காரணம்.

நிலத்துக்கும் இதே கதை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரெமன்கீர், இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் பேரில்தான் 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்று நிபந்தனை. பிறகு அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின? துப்பாக்கி காட்டியா? சில இடங்களில் மிரட்டல் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பத்திரம் இருக்கிறது. பத்திரம் எழுதியவர், சாட்சி போட்டவர், பதிவு செய்தவர், பட்டா மாற்றியவர், பிறகு அதை நீதிமன்றத்தில் காப்பாற்றிய வழக்கறிஞர் என்று ஐந்தாறு தொழில்காரர்கள் சேர்ந்து செய்த வேலை அது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிச் சுடப்பட்டு இறந்தவர்களை ஆண்டுதோறும் நினைக்கிறோம். பேனாக்களை நாம் இன்னும் விசாரிக்கவில்லை. டிரெமன்கீரும் ஓர் அதிகாரிதான், மிராசுதார்களுக்குப் பிடிக்காததை எழுதியவர். கையில் இருக்கும் பேனாவால் இரண்டும் செய்யலாம்.

விதிகள் இல்லாமல் இருந்ததா? இருந்தன, இருக்கின்றன. மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் விதிகள் உண்டு. கோவையில் போலீஸ்காரர்களுக்காக வாதாடமாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது பற்றிய வழக்கில், அப்படிப்பட்ட தீர்மானம் தொழில் அறத்துக்கே எதிரானது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதி இருந்தும் போதவில்லை என்பதுதான் விஷயம்.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் நமக்கு ஆசிரியராகிறார். சாதி ஒழிப்பு என்பது, தெரிந்திருப்பீர்கள், நிகழ்த்தப்படாத ஓர் உரை. லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அழைத்தவர்கள் பயந்து மாநாட்டையே நிறுத்திவிட, அவரே அச்சிட்டு வெளியிட்டது. அதன் பின்பகுதியில் விதிக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறார். விதி என்பது சமையல் குறிப்பைப் போல, இதைச் செய், இப்படிச் செய் என்று சொல்லும். செய்பவர் யோசிக்க வேண்டியதில்லை. கோட்பாடு அப்படியல்ல. ஒரு செயலை எப்படி எடைபோடுவது என்று அது வழிகாட்டும், முடிவெடுக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடும். விதியைப் பின்பற்றியவரிடம் பொறுப்பைக் கேட்க முடியாது, கோட்பாட்டின்படி நடந்தவரிடம் கேட்கலாம். மதத்தைப் பற்றி அவர் சொன்னது இது. தொழிலுக்கும் அப்படியே பொருந்துகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயி, ஜேம்ஸ் டஃப்ட்ஸோடு சேர்ந்து 1908இல் அறவியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டவர். இந்த வேறுபாடு அந்த நூலிலும் இருக்கிறது. வகுப்பறையில் கேட்டதை அம்பேத்கர் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து, மனுவின் மேல் வைத்துப் பார்த்தார். பயன்பாட்டு அறவியலில் முதுநிலைப் பட்டதாரி செய்யவேண்டிய வேலை இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

உத்திரமேரூர்ப் பட்டியலை இந்தக் கண்ணால் பாருங்கள். கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது: பொதுப்பணத்துக்குப் பொறுப்பு. நம்மோடு பழகியவன் வரக்கூடாது என்பதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அது வெறும் விதி. இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாவிட்டால், முதலாவதைப் புகழும் சாக்கில் இரண்டாவதும் உள்ளே வந்துவிடும். சிலர் இரண்டாவதன் பேரில் கோபப்பட்டு முதலாவதையும் தூக்கி எறிகிறார்கள். அதுவும் நமக்கு நட்டம்.

சரி, எங்கே படிப்பது? சுருக்கமாகச் சொல்கிறோம், விவரம் வேண்டுவோர் மன்றத்தில் கேளுங்கள். மங்களூரு யெனபோயா பல்கலைக்கழகத்தில் உயிரி அறவியல், மருத்துவ அறவியலில் முதுநிலைப் பட்டயம் உண்டு. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி மருத்துவச் சட்டம், அறவியலில் முதுநிலைப் பட்டயத்தைத் தொலைநிலையில் நடத்துகிறது. இக்னோவின் எம்.ஏ. மெய்யியலில் அறவியல் ஒரு தாள். வெளிநாட்டில் என்றால் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொழில்சார், பயன்பாட்டு அறவியலுக்கே தனி மையமும் முதுநிலைப் படிப்பும் உண்டு. இதில் எதையும் படிக்க முதல் பட்டம் மெய்யியலாக இருக்கவேண்டும் என்பதில்லை. நர்சிங், சட்டம், பொறியியல், சமூகப்பணி என்று வேலையில் அடிபட்டு வருபவர்களுக்குத்தான் இது அதிகம் பிடிபடும்.

பணம்? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 2022இல் வந்த விதிமுறை இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றது. மலக்குழியைப் பற்றி லீட்ஸில் ஆராயப்போகிறேன் என்று நம் பிள்ளை எழுதினால் அது பொறியியலா, இந்தியச் சமூகமா? தலைப்பை எப்படி எழுதுவது என்பதே ஓர் அறவியல் தேர்வாகிவிடுகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தனியாக இருக்கிறது. அதையும் பாருங்கள்.

படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பேராசிரியர் வேலை ஒன்று. இன்னொன்றைச் சொல்கிறோம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, மனிதர் மீது மருந்துச் சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். குழுவில் குறைந்தது 7 பேர். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்கவேண்டும். ஒரு பெண் வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், எந்தத் துறையும் சாராத பொதுமனிதர் ஒருவர் வேண்டும், சமூக அறிவியலாளரோ மெய்யியலாளரோ அறவியலாளரோ ஒருவர் வேண்டும். இந்த நாற்காலிகளில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். சோதனைக்கு உடலைக் கொடுப்பவர் யார் என்பதையும் கூடவே விசாரியுங்கள். வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்த ஊர் இது. சிறுநீரகம் விற்றவர்களிடமும் ஒப்புதல் வாங்கித்தான் எடுத்தார்கள்.

அந்த நர்ஸ் பெண்ணிடம் நாங்கள் மறுபடி போனோம். முன்பு சொல்லி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, தேர்வு வாரியப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதை விடமாட்டேன் என்றார். அதுவும் சரிதான். இந்த ஆண்டு பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். முதல் தவணைக் கட்டணத்தை வாத்தியார் பெயரில் இருக்கும் சிறு நிதியிலிருந்து மன்றம் கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம் என்று, இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அறுவை ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். கேட்டால் புரியவேண்டும், கேட்டவர் மறுக்கவும் முடியவேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். ஒரு வக்கீல், இரண்டு நர்சுகள், குவாரியில் வேலைசெய்யும் மூன்று பேர் உட்காருகிறார்கள். காலை இழுத்துக்கொண்டு அந்த மனிதரும் வருகிறார். இன்னும் நான்காவது வரியிலேயே நிற்கிறோம். 'சிக்கல்கள் ஏற்படக்கூடும்' என்று வக்கீல் எழுதியிருந்தார். அந்த மனிதர், "சிக்கல்னா நூல்ல விழறது. உயிர் போகும்னா போகும்னு எழுதுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அப்படி எழுதினால் பயந்து யாரும் சிகிச்சைக்கே வரமாட்டார்கள் என்கிறார் நர்சுகளில் ஒருவர். வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலகத் திண்ணையில் மறுபடி உட்காருகிறோம். வர விரும்புகிறவர்கள் வரலாம்.